எலும்பு கிடைக்கவில்லை

லோகேஸ்வரி வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, காரில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்ட பிறகு, மறுபடி இறங்கிப் போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவள். பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை வந்துவிட்டால் அன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான். மழை பெய்தால் வெள்ளம் என்பாள், தும்மினால் காய்ச்சல் என்பாள். இப்படிப்பட்டவள் பிழைப்புக்குச் செய்த வேலையோ, கிள்ளான் ஜனங்களின் நெஞ்சில் ஊசி வைத்து அவர்களுடைய பயத்தைப் போக்குவது.

அந்த ஊசிக்கு நிறுவனம் வைத்த பெயர் வாயில் நுழையாது. ஜனங்கள் அமைதி ஊசி என்றார்கள். மார்புக் காம்புகள் இரண்டுக்கும் சரி நடுவில், நெஞ்செலும்பின் மேல், சீன வைத்தியர்கள் தான்சோங் என்று சொல்லும் ஒரு புள்ளி இருக்கிறது. படபடப்பு, அடிக்கடி வரும் பெருமூச்சு, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருப்பது, இதற்கெல்லாம் அவர்கள் காலங்காலமாக ஊசி குத்தும் இடம் அது. மனிதனுக்குச் சந்தோஷம் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்று அவர்களுடைய பழைய வைத்திய நூல் சொல்கிறதாம். நிறுவனம் அந்த வரியைப் பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. குத்தி எடுக்கிற ஊசியைக் குத்தியே வைத்துவிடுகிற ஊசியாக மாற்றியது. மெல்லிய கம்பி ஒன்று, எலும்பைத் தொட்டதும் அதன்மேல் ஊன்றிக்கொள்ளும். உடம்புச் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து, சில விநாடிக்கு ஒருமுறை லேசாக அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை புத்தி வேலை செய்யும், கோபம் வரும், சிரிப்பு வரும். பயம் மட்டும் வராது.

முதலில் இதைக் கடலோரம் புதிதாகக் கட்டிய துறைமுகத்தில்தான் கொண்டுவந்தார்கள். அங்கே கிரேன்களைச் சாதாரண நாளில் இயந்திரமே ஓட்டிக்கொள்ளும். காற்று அடிக்கிற நாளில் மட்டும் மனிதன் மேலே ஏற வேண்டும். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆடுகிற பெட்டியைக் குறி தவறாமல் இறக்க வேண்டும். ஊசி வந்த பிறகு காற்றுக்காக அங்கே வேலை நின்றதே இல்லை. அப்புறம் பேருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள், தாதியர் வந்தார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள், கடைசியில் மாமியாரோடு குடியிருக்கும் மருமகள்களும் வந்தார்கள். பூட்டுக் கடை வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டுக் கோப்பிக் கடை போட்டார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களில் நேர்த்திக்கடன்காரர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வேண்டிக்கொள்ள நெஞ்சில் ஒரு பயம் வேண்டுமல்லவா?

லோகேஸ்வரிக்கு ஊசி கிடையாது. கம்பியில் கலந்திருக்கும் ஓர் உலோகம் அவள் தோலுக்கு ஆகவில்லை. ஆகவே ஊரே நிம்மதியாக இருக்க, ஊசி வைக்கிறவள் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று புதன்கிழமை. காலையிலிருந்தே காற்று விடாமல் அடித்தது. மதியம் கோப்பிக் கடையில் மெய் லிங்கோடு சாப்பிட உட்கார்ந்தாள். மெய் லிங் அதே வரிசையில் நாலு கடை தள்ளி வைத்தியசாலை வைத்திருக்கும் சின்சே, சீன வைத்தியர். லோகேஸ்வரியின் வயதுதான். தமிழர்கள் நிறைந்த தாமான் குடியிருப்பில் வளர்ந்தவள், நன்றாகவே தமிழ் பேசுவாள், மரியாதை விகுதி மட்டும் அவள் தமிழில் இருக்காது. போன மாதம் அவளும் லோகேஸ்வரியின் கையால் ஊசி போட்டுக்கொண்டாள். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, போடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னாள். ஸ்கேன் எதற்கு என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"ஓட்டை இருக்கான்னு பார்க்க லா," என்றாள் மெய் லிங், மீ சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "சில பேருக்கு நெஞ்செலும்புல பொறக்கும்போதே ஓட்டை இருக்கும். வெளிய தெரியாது. அந்த ஆளுக்கே தெரியாது. அதனாலதான் தான்சோங்ல நாங்க நேரா குத்த மாட்டோம். தோலைக் கிள்ளிப் புடிச்சி, அடியில படுக்க வச்சித் தள்ளுவோம். நேரா குத்தினா, ஓட்டை இருந்திச்சின்னா, பின்னாடி இதயம்தான்."

லோகேஸ்வரியின் கரண்டி நின்றது. "நாங்க நேராத்தான் வைக்கிறோம்."

"தெரியும். நீங்க எல்லாரும் ஸ்கேன் பார்த்துட்டுத்தான் வைப்பீங்கன்னு நெனச்சேன்."

"யாரும் பார்க்கிறதில்ல. எத்தனை பேருக்கு இருக்கும் இப்பிடி?"

"ஓட்டை இருக்கறவங்க நூத்துக்கு நாலஞ்சி பேர். ஆனா முக்காவாசி கீழ தள்ளி இருக்கும். சரியா அந்தப் புள்ளியிலயே இருக்கறது அபூர்வம். ஆயிரத்துல ஒண்ணு வச்சிக்கோயேன்."

லோகேஸ்வரி இதுவரை வைத்தது ஆயிரத்து நூறு ஊசி. கம்பி இதயத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். மெய் லிங் பொறுமையாக விளக்கினாள். இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. கம்பி அதிர்ந்து அதிர்ந்து உரசினால் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்து அந்தப் பைக்குள் சேரும். பை நிறைய நிறைய, இதயத்துக்கு விரிய இடம் இருக்காது. மெதுவாகவும் நடக்கலாம், திடீரென்றும் முடியலாம்.

"அதுக்குள்ள ஆளுக்குத் தெரிஞ்சிடாதா?"

"தெரியும். இந்த மாதிரி வரும்போது, வலிக்கு முன்னாடியே சில பேருக்கு ஒரு பயம் வரும். ஏதோ கெட்டது நடக்கப் போவுதுன்னு. அந்தப் பயத்துலதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க." மெய் லிங் சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "ஊசி போட்டவனுக்கு அது வராதே. சும்மா உட்கார்ந்திருப்பான்."

இதை அவள் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். அவள் மேல் கோபப்பட்டும் பயனில்லை. அவள் நெஞ்சிலும் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.

லோகேஸ்வரிக்கு நினைவு வந்தது ஒரு சத்தம். ஊசி வைக்கும் இயந்திரம் கம்பியை இறக்கும்போது எலும்பு தட்டுப்படாவிட்டால் மூன்று முறை கூவும். திரையில் 'எலும்பு கிடைக்கவில்லை' என்று வரும். பயிற்சியின்போதே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நெஞ்சில் எலும்பு இல்லாத மனிதன் உண்டா, இயந்திரத்தின் மூக்கைத் துடையுங்கள் என்று. அது உண்மையும்கூட. வியர்வையோ களிம்போ பட்டால் அப்படிக் கூவும், துடைத்துவிட்டு மறுபடி வைத்தால் சரியாகிவிடும். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் துடைத்தும் கூவியது. மறுபடி துடைத்து வைத்தும் கூவியது. வாசல்வரை வரிசை நின்றது. நிறைய பேர் குழந்தைகளோடு வந்திருந்தார்கள், கூச்சல். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கிடந்தவர் ஆணா பெண்ணா என்றுகூட அவள் கவனிக்கவில்லை. அவள் பார்த்தது இரண்டு விரல் அகல நெஞ்சு மட்டும். 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

பதிவேட்டில் அவள் பெயரில் இருந்த ஆயிரத்து நூறு வரிகளில், எலும்பு கிடைக்காமலேயே ஏற்றுக்கொண்டது ஒன்றுதான். ஆறு வாரத்துக்கு முந்தைய பதிவு. மதியழகன், துறைமுகம், கிரேன் ஓட்டுநர். பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஆறு வாரம் என்பதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். சில விநாடிக்கு ஓர் உரசல், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் உரசல்.

சும்மா இருந்துவிடலாம் என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். பொத்தானை அழுத்தியது அவள் விரல். வெளியே சொன்னால் வேலை போகும், சான்றிதழ் போகும், அந்த ஆள் செத்திருந்தால் சிறையும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கையைப் பிசைந்தாள். அப்புறம் எழுந்து மேலாளர் தனபாலனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

தனபாலன் நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு தடவை தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். பிறகு இது கவனிக்க வேண்டிய விஷயம்தான் என்றும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் வைக்கலாம் என்றும், அதற்குள் ஒரு படிவம் நிரப்பித் தரும்படியும் சொன்னார். அந்த ஆள் இன்றைக்கே சாகலாம் என்றாள் அவள். ஆமாம், சாகலாம்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். படிவத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.

லோகேஸ்வரி தன் மேசையிலிருந்து சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினாள். சாவி என்பது ஊசியை நிறுத்தவும் ஓட்டவும் அவர்கள் வைத்திருக்கும் கையடக்கக் கருவி. அதை நெஞ்சுக்கு இரண்டு கை தூரத்துக்குள் கொண்டுபோனால்தான் வேலை செய்யும். மதியழகனின் எண்ணுக்கு நாலு தடவை அடித்தாள், எடுப்பாரில்லை. கிரேனுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. காற்று நாளாகையால் அவர் கட்டாயம் மேலேதான் இருப்பார்.

துறைமுக வாசலில் காவலர் அவளுடைய அட்டையைக்கூடக் கேட்கவில்லை. எந்தக் கிரேன் என்று விரலால் காட்டி, ஒரு தலைக்கவசத்தைக் கொடுத்து அனுப்பினார். வேறொரு நாளாக இருந்தால் இந்த லட்சணத்தில் காவல் இருக்கிறதே என்று அதற்கும் பயந்திருப்பாள். மின்தூக்கி குலுங்கிக் குலுங்கி மேலே ஏறியது. அதிலிருந்து கூண்டுக்குப் போக இருபதடி நீளத்தில் ஒரு நடைபாதை. கம்பி வலைத் தரை, கீழே பார்த்தால் கடல். காற்று அவள் சட்டையை ஒரு பக்கமாக இழுத்தது. அவள் தன்னை நன்றாகவே திட்டிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பக்கவாட்டில் நண்டு நடப்பது போல நடந்து போனாள்.

மதியழகனுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். கதவைத் தட்டியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருடைய காலுக்குக் கீழே, கயிற்றின் முனையில், ஒரு பச்சைப் பெட்டி ஊசலாடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கீழ இறங்கணும். இப்பவே."

"இன்னும் பன்னெண்டு பெட்டி இருக்கு தங்கச்சி. முடிச்சிட்டு வரேன் லா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி வைத்தது தான்தான், எலும்பு இல்லை என்று இயந்திரம் சொல்லியும் அழுத்தியது தான்தான், கம்பி முனை இதயத்தில் இருக்கிறது, ஆறு வாரமாக உரசுகிறது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் தலையாட்டிக் கேட்டார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டதற்கு, இடது தோள் கொஞ்ச நாளாகக் கடுக்கிறது, கிரேன் ஓட்டுகிறவனுக்கு அது சகஜம்தானே என்றார்.

"சரி, நீங்க சொல்றது புரியுது. முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன். ரெண்டு மணி நேரம்தான்."

நம்பாமல் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அதில்தான் அவளுக்குக் குலை நடுங்கியது.

சாவி பைக்குள் இருந்தது. அழுத்தினால் கம்பி நிற்கும், உரசலும் நிற்கும். ஆனால் வேலையில் இருக்கிற ஆளுக்கு, அதிலும் உயரத்தில் இருக்கிறவருக்கு, ஊசியை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் படித்த முதல் விதி. பயம் படிப்படியாக வராது, மொத்தமாக வரும். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு மனிதன் வெலவெலத்துப் போனால் அவரை எப்படி இறக்குவது? நிறுத்தாவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் உரசும். எதைச் செய்தாலும் கொலை போலத்தான் அவளுக்குத் தோன்றியது. கடைசியில், அந்தப் பெட்டியையாவது இறக்கி வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் அதை லாவகமாக லோரியின் மேல் இறக்கிக் கொக்கியை விடுவித்தார். அடுத்ததை எடுக்கக் கையை நகர்த்துவதற்குள் அவள் சாவியை அழுத்தினாள்.

மூன்று நான்கு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மதியழகன் குனிந்து தன் காலைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துவிட்டன.

"இங்க... இவ்ளோ ஒசரத்துலயா நான்..."

"கீழ பார்க்காதீங்கண்ணே. என்னையப் பாருங்க."

"என்னால எழுந்திரிக்க முடியாது."

"முடியும். பயந்துக்கிட்டே நடக்கிறது எப்பிடின்னு எனக்குத் தெரியும். பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான் நடக்கிறேன். ஒரு கை கம்பியில, ஒரு கை என் தோள்ல. ஒரு அடி வச்சதும் நில்லுங்க. அப்புறம் அடுத்தது."

இருபதடி நடைபாதையைக் கடக்க அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. நடுவில் காற்று ஒருமுறை தூக்கி அடித்தபோது இருவரும் கம்பி வலையில் உட்கார்ந்தேவிட்டார்கள். அவர் அவளுடைய கையை நசுக்கிய நசுக்கில் அவளுக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மின்தூக்கியில் இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமி பேரை முனகிக்கொண்டே வந்தார்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உடனே ஸ்கேன் எடுத்தார்கள். லோகேஸ்வரி வெளியே நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் மருத்துவர் வந்தார், இளம் பெண், நிதானமானவர். நெஞ்செலும்பு முழுசாக இருக்கிறது என்றார். ஓட்டை எதுவும் இல்லை, கம்பி எலும்பின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, இதயத்தைச் சுற்றி ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

லோகேஸ்வரி அப்படியே பெஞ்சில் சாய்ந்தாள். உயிர் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. காற்றடிக்கிற நாளில், வேலையிலிருந்த மனிதரை, நாற்பது மீட்டர் உயரத்தில், ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கதிகலங்க வைத்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். துறைமுகத்திலிருந்து தகவல் போயிருந்தது. தனபாலன் போனில் கோபப்படாமல் பேசினார். சாவியையும் அட்டையையும் நாளைக்கு ஒப்படைத்துவிடும்படி சொன்னார், ஊசி போட முடியாதவரை இந்த வேலையில் வைத்திருந்ததே தவறோ என்று இப்போது தோன்றுகிறது என்றும் சொன்னார். அவள் சரி என்றாள். வேறென்ன சொல்ல?

மதியழகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஆறு வாரம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாண்ணே. பதிவுல அப்பிடித்தான் இருக்கு."

"எனக்கு ஊசி போட்டு ரெண்டு வருசமாச்சு. ஆறு வாரத்துக்கு முன்னாடி, குடும்ப நாள்னு ஒரு ஞாயித்துக்கெழமை கேம்ப் வச்சாங்க. தொழிலாளி கார்டுல வீட்டு ஆளுங்களுக்கும் போடலாம்னாங்க. என் கார்டுல போட்டுக்கிட்டது என் வீட்டுக்காரி. பவானி."

குழந்தைகளின் கூச்சலும் வாசல்வரை நின்ற வரிசையும் ஏன் என்று லோகேஸ்வரிக்கு இப்போதுதான் விளங்கியது. பதிவேட்டில் கார்டு யாருடையதோ அவர் பெயர்தான் ஏறும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் தேதிக்கு எதிரே என்ன கிழமை என்று பார்க்கத் தவறிவிட்டாள்.

"நேத்துக் காலையில அவ மாடிப்படி ஏறி வந்து படியிலயே உட்கார்ந்துட்டா," என்றார் மதியழகன். "மூச்சு வாங்குது, கால் வீங்கின மாதிரி இருக்குன்னா. ஒதடு நீலமா இருந்துச்சி. நான் பார்த்தேன் தங்கச்சி. நல்லாப் பார்த்தேன். பார்த்துட்டு, சரி, ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டேன். எப்பிடிப் போனேன்?"

போன் அடித்தார்கள். பவானி எடுத்தாள். உட்கார்ந்துதான் இருக்கிறேன், எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, ஒன்றும் அவசரமில்லை, வரும்போது ரொட்டி வாங்கி வாருங்கள் என்றாள். மதியழகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தயக்கமும் இல்லாமல், அந்த அவசரப் பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவர் கத்தியதில்தான் ஆம்புலன்ஸ் இரண்டு நிமிடத்தில் புறப்பட்டது. அமைதியான ஆட்களும் கத்துகிறவனுக்கு வழி விடத்தான் செய்கிறார்கள். கம்பியை நிறுத்தச் சாவி வேண்டும் என்பதால் லோகேஸ்வரியும் ஏறிக்கொண்டாள்.

பவானி பிழைத்துக்கொண்டாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களை அநாவசியமாகப் பதறவைக்க எனக்கு விருப்பமில்லை. நெஞ்சில் குழாய் போட்டு இரத்தத்தை வடித்தார்கள், கம்பியை எடுத்தார்கள், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். நிறுவனம் இயந்திரத்திலிருந்து 'ஏற்றுக்கொள்' பொத்தானை எடுத்துவிட்டது, லோகேஸ்வரியையும் எடுத்துவிட்டது. அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, தன் விரல் அழுத்தியதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பினாள். வழக்கு இன்னும் நடக்கிறது. அதற்கு ஒவ்வொரு தடவையும் அவள் பயந்துகொண்டேதான் போய் வருகிறாள்.

நான் சொல்ல வந்தது ஆம்புலன்ஸுக்குள் நடந்ததை. பவானியைத் தூக்கிப் படுக்க வைத்ததும் உதவியாளர் அந்தக் கம்பியை உடனே நிறுத்தச் சொன்னார். லோகேஸ்வரி சாவியை எடுத்தாள், ஆனால் கிரேனில் செய்தது போல இந்தத் தடவை கேட்காமல் அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, இதை நிறுத்தியதும் பயம் வரும், ரொம்ப வரும், உங்கள் நிலைமை அப்படி என்று சொன்னாள்.

பவானி அவளைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகமெல்லாம் வியர்த்து, தாடை கிடுகிடுவென்று ஆட, அவளுடைய காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்காகவா இப்பிடி நடுங்குறீங்க?" என்றாள். மூச்சு வாங்கியதில் வார்த்தை விட்டு விட்டு வந்தது. பிறகு லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருசமா இவரு ஒரு நாளும் என்னைய சாப்ட்டியான்னு கேட்டதில்ல. லேட்டா வந்தா ஏன்னு கேட்டதில்ல. காத்துல இவரு மேல ஏறுன நாளெல்லாம் நான் வீட்டுல செத்துச் செத்துப் பொழைச்சேன். இவரு வந்து நிம்மதியாத் தூங்குவாரு. ரெண்டு பேரு பயத்தையும் நான் ஒருத்தியே படணும்னா எப்பிடி? முடியல. அதான் நானும் போட்டுக்கிட்டேன்."

உதவியாளர் மறுபடியும் கம்பி என்றார். பவானி கண்ணால் சரி என்றாள். லோகேஸ்வரி அழுத்தினாள்.

மூன்று விநாடி, நான்கு விநாடி. அந்த முகத்திலிருந்து சாந்தம் போனது. கண் அகலத் திறந்தது. தனக்கு என்ன நடக்கிறது என்பது அவளுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. கை காற்றில் எதையோ தேடியது. மதியழகன் தாவி அதைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்," என்றார்.

அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டும், பேசாவிட்டால் அவள் கை நழுவிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

உதவியாளர் திரும்பி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பவானி அழுதுகொண்டே இல்லை என்று தலையசைத்தாள். வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.